மீன் தொட்டியில் பாசியா?

செடி வைத்த சின்ன மீன் தொட்டியில் பச்சைப் பாசி படிந்தால் பார்க்கச் சகிக்காதுதான். அதற்காகத் தண்ணீர் முழுவதையும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். மறுநாளே மீன்கள் செத்து மிதக்க, குழந்தை அழுத அழுகை சொல்லி மாளாது. மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல கிருமிகள் மணலிலும் ஃபில்டரிலும்தானே இருக்கின்றன!

பாசி வளர்வது வெளிச்சத்தாலும், மிஞ்சிக் கிடக்கும் தீனியாலும்தான். அதனால் ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்திருக்கிறேன். விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். 2 நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவே தீனி. ஹைட்ரில்லா போல மளமளவென்று வளரும் செடி இருந்தால், பாசிக்குப் போகும் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை சோப்பு படாத ஸ்பாஞ்சால் கண்ணாடியைத் துடைத்து, கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால், குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பாசி தானே அடங்கும்.