ஊர்ப் பெயரில் மட்டும் நிற்கும் மரங்கள்

புரசைவாக்கத்தில் குடியிருக்கும் சகோதரிகளை ஒரு கேள்வி கேட்கலாமா? நீங்கள் புரச மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஜவுளிக் கடை தெரியும், நகைக் கடை தெரியும், பஸ் எங்கே நிற்கும் என்பதும் தெரியும். "புரசா? அது எப்படி இருக்கும்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் உங்கள் மேல் குற்றமில்லை. பேட்டைக்குப் பெயர் கொடுத்த மரம், பேட்டைத் தெருக்களை விட்டே போய்விட்டது!

மாசி, பங்குனி மாதங்களில் இலையெல்லாம் உதிர்ந்து, மரம் முழுவதும் தீப்பற்றிக் கொண்டாற்போல் செம்மஞ்சள் நிறத்தில் பூக்கும் மரம் அது. அதன் அகன்ற இலைகளை ஈர்க்கினால் தைத்துத்தான் நம் பாட்டிமார்கள் சாப்பாட்டு இலை செய்தார்கள்.

புரசுக்கு மட்டுமா இந்தக் கதி? பிரம்பு அடர்ந்திருந்ததால் பெரம்பூர் என்பார்கள். தேனாம்பேட்டையைத் தென்னம்பேட்டை என்று சொல்பவர்கள் உண்டு. மாம்பலத்துக்கும் மாம்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை, மகாவில்வம்தான் மருவி மாம்பலம் ஆயிற்று என்பது ஒரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும், இன்று அங்கே பிரம்புமில்லை, தென்னந்தோப்புமில்லை, வில்வ வனமுமில்லை.

பின்னே, சென்னையின் பழைய மரங்கள் எங்கேதான் மிஞ்சியிருக்கின்றன? கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். புரசைவாக்கம் கங்காதரேசுவரர் கோயிலின் தல விருட்சம் புரசு. மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் புன்னை. அம்பிகை மயில் உருவில் ஈசனைப் பூஜித்தது அந்தப் புன்னையின் அடியில் என்பது தல வரலாறு. திருவொற்றியூரில் மகிழ மரம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த இடம் அதன் நிழல். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. "இதன் மேல் கை வைக்காதே" என்று சொல்ல ஓர் ஆள் இருந்த இடத்தில் மரம் பிழைத்தது. சொல்ல ஆளில்லாத இடத்தில் மாண்டது.

மரம் போனதற்குக் காரணம் கேட்டால், ரோடு அகலமாயிற்று, மேம்பாலம் வந்தது, மெட்ரோ ரயில் வந்தது என்று வெளியே கையைக் காட்டுவோம். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் சத்தமில்லாமல் போன மரங்கள் நம் வீட்டு மதிலுக்கு உள்ளே நின்றவை அல்லவா?

தியாகராய நகரையே எடுத்துக் கொள்ளுங்கள். 1920-களில் நீண்டதோர் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை அது. நம் ஊரில் ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. அந்த நாளில் கட்டிய வீடு அதில் பாதியை அடைத்தால், மீதியில் கிணறு, துளசி மாடம், ஒரு வேம்பு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை எல்லாம் சமாதானமாக வாழ்ந்தன. இன்று அதே மனையில் அடுக்கு மாடி எழும்புகிறது. கீழே கார் நிறுத்த இடம் வேண்டும். மதில் வரை சிமெண்டு பூச வேண்டும். முதல் நாள் முதல் வேலையாக விழுவது வேம்பு. பிறகு, ரசத்துக்கு வேப்பம்பூவைக் கடையில் பொட்டலமாக விலை கொடுத்து வாங்குகிறோம்!

"தெருவில்தான் நிறைய மரம் நிற்கிறதே!" என்பீர்கள். நிற்கிறது. அவற்றில் பல சீக்கிரம் வளரும் என்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்தவை. மே மாதத்தில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் குல்மோஹர் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் தாய்நாடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. வந்தவர்களை வெறுக்க வேண்டாம், நிழல் கொடுத்தவர்கள்தாம். ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தபோது என்ன நடந்தது? ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் அவற்றில் ஏராளம்.

நம் நாட்டு மரங்களும் விழாமலில்லை. விழுந்ததற்குக் காரணம், புயலுக்கு முன்பே நாம் செய்து வைத்த வேலை. கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரை அறுத்தோம். அடிமரத்தைச் சிமெண்டால் நெருக்கினோம். மழை நீரும் காற்றும் வேருக்கு எட்டாமல் செய்தோம். வேர் போன மரம் எந்த ஊர் மரமானால் என்ன?

வேரின் மகிமைக்கு அடையாற்று ஆலமரமே சாட்சி. பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பல நூறு வயதான அந்த மரத்தின் நடு அடிமரம் 1989-இல் சாய்ந்துவிட்டது. ஆனாலும் மரம் சாகவில்லை. விழுதுகள் மண்ணில் ஊன்றியிருந்தன. மண்ணை யாரும் மூடவில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? பனை மரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. நம் வீட்டு வேம்புக்குக் கலெக்டர், வீட்டுப் பெண்மணிதான். பழைய வீட்டை அடுக்கு மாடிக்குக் கொடுக்கப் போகிறீர்களா? அறை எத்தனை, குளியலறை எங்கே என்று கேட்கும்போதே, "மரம் எங்கே நிற்கிறது, வரைபடத்தில் காட்டுங்கள்" என்றும் கேளுங்கள். மூலையில் நிற்கும் மரத்தை விட்டுக் கட்டச் சாமர்த்தியமுள்ள என்ஜினீயருக்கு வழி தெரியும். ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். போட்ட பிறகு கேட்டால் பயனில்லை.

ஏற்கெனவே அடுக்கு மாடியில் இருப்பவர்கள், வாசல் மரத்தைச் சுற்றி ஒரு கஜமாவது மண் தெரியும்படி சிமெண்டைப் பெயர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் இடம் இருந்தால் புங்கம் வையுங்கள். கோடை முற்றும் நேரத்தில் இளம்பச்சைத் தளிர் விட்டு நிழல் தரும் புண்ணியவதி அது. கடற்கரைப் பக்கத்து மணலில் புன்னை செழிக்கும். வாசனைப் பிரியர்களுக்கு மகிழம் உண்டு. பூ காய்ந்து போன பிறகும் மணக்கும்.

சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்பே, புரட்டாசியிலேயே குழி தோண்டிக் கன்றை நட்டு விடுங்கள். முதல் மழைக்காலம் முழுவதும் தண்ணீர் ஊற்றும் வேலையை வானமே பார்த்துக் கொள்ளும். தை பிறந்த பிறகு கோடை முடியும் வரை தினம் ஒரு குடம் மட்டும் உங்கள் பொறுப்பு.