தங்கவயல் முறுக்கும் கைப்பேசியும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் பலர் இங்குக் குடியேறினர். தொழிலாளர் குடும்பங்கள் லைன் வீடுகளில் நெருங்கி வாழ்ந்தன. ஒரு வீட்டில் முறுக்குச் சுட்டால், அதன் மணமே பத்து வீடுகளுக்கு விளம்பரம். ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரருக்குச் சுரங்கத்தின் சம்பள நாள் தெரிந்திருந்தாலே போதும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடிப் பல குடும்பங்கள் பெங்களூரு சென்றன. ஊரில் தங்கியோருள் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, இரவில் திரும்புகின்றனர். வாங்குவோர் இவ்வாறு சிதறிவிட்டால், வீட்டில் இருந்தபடி தின்பண்டம் செய்து விற்பவர் என்ன செய்வார்? சமூக ஊடகம் உதவுவது இவ்விடத்தில்தான்.

உலகம் முழுவதும் அறியச் செய்வதே விளம்பரம் என்று பலர் எண்ணுகின்றனர். சிறுதொழிலுக்கு அது வேண்டியதில்லை. தங்கவயல் முறுக்கின் சுவையை மறவாத இருநூறு குடும்பங்களைக் கண்டடைந்தால் போதும்.

ஒரு தாய் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார் எனக் கொள்வோம். காலை வெளிச்சம் விழும் சன்னலருகே வைத்துப் படம் எடுக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வேறொருவர் படத்தை ஒட்டுவது பொய். எடை, விலை, செய்த நாள், அனுப்பும் நாள் ஆகியவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத வேண்டும். சிறு வணிகர்களுக்கான வாட்ஸ்அப் செயலியில் இவற்றைப் பொருட்பட்டியலாகவே அமைக்கலாம். பழைய பள்ளித் தோழர் குழுக்களில் இசைவு பெற்று, பண்டிகைக்கு முன் ஒருமுறை பதிவிடலாம். நாள்தோறும் அனுப்பினால் அண்டை வீட்டாரும் குழுவை விட்டு விலகுவர்!

பெரும்புகழ் எப்போதும் நிலைப்பதில்லை. 2020 அக்டோபரில், தில்லி மாளவிய நகரிலுள்ள ‘பாபா கா தாபா’ என்னும் சாலையோர உணவுக்கடையில், விற்பனையின்றி முதியவர் ஒருவர் கண்ணீர் வடிக்கும் காணொளி பரவியது. மறுநாளே மக்கள் திரண்டனர். டிசம்பரில் அவர் புதிய உணவகம் திறந்தார். செலவு வரவை மிஞ்சியதால், 2021 பிப்ரவரியில் அதனை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார். இரக்கத்தால் ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருவார் என்பது உறுதியன்று.

வீட்டில் செய்து விற்கும் உணவுக்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தல் வேண்டும். அங்குத் தரப்படும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். பணம் பெறுவதில் விழிப்பும் தேவை. “பணம் அனுப்புகிறேன், உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள்” என்று எவரேனும் கூறினால் அது மோசடி. பணத்தைப் பெறுவதற்கு அவ்வெண் தேவையே இல்லை. இதனை வீட்டுப் பெரியோருக்கு நீங்கள் எடுத்துரைக்கலாம்.

“முறுக்கு நொறுங்கி வந்தது” என ஒருவர் எல்லாரும் காணும்படி எழுதினால், அதனை அழித்துவிடத் தோன்றும். அழித்தல் கூடாது. வருத்தம் தெரிவித்து, வேறொரு பொட்டலம் அனுப்புவதாக அங்கேயே விடை எழுத வேண்டும். அவ்விடையை மற்ற வாடிக்கையாளரும் படிப்பர்.