உஷார்! கர்த்தர் பெயரில் கோச்சிங், உங்கள் பெயரில் கடன்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது யாராவது கையில் ஓர் அட்டையைத் திணித்தால், அப்படியே பைபிளுக்குள் செருகிவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் என் கைக்கு வந்த அட்டையில் முன்பக்கம் சிறகு விரித்த கழுகு. ‘உங்கள் அழைப்பைக் கண்டடையுங்கள், இலவச கிறிஸ்தவ லைஃப் கோச்சிங்’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் ஒரு படிவம். பெயர், செல் நம்பர், சபை, ஜெபக் குறிப்பு. அதற்கு நேர் கீழே ‘குடும்பத்தின் மாத வருமானம்’. ஜெபிக்கிறவருக்கு என் சம்பளம் எதற்கு?

இந்த வலை நம் அம்பத்தூர், ஆவடி பக்கம் விரிவதில் ஆச்சரியமில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன், ஜெர்மனிக்குப் போக மொழித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் நர்ஸ், டேங்க் ஃபேக்டரியில் ரிடையர் ஆகி கிராஜுவிட்டியை டெபாசிட்டில் போட்டு வைத்திருக்கும் அப்பா என்று திருமுல்லைவாயல் முதல் பட்டாபிராம் வரை தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்த பிறகு, வேலையில் இருப்பவர்களுக்கும் ‘அடுத்து என்ன’ என்ற யோசனை வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பதாக ஒருவர், அதுவும் ‘பிரதர்’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால், கதவு தானாகத் திறக்கிறது.

நடக்கும் விதம் அநேகமாக ஒன்றுதான். முதலில் ஜூமில் இலவசக் கூட்டம். பாட்டு, சாட்சி, கொஞ்சம் கண்ணீர். அடுத்த நாள் தனியாக ஒரு போன். நீங்கள் அட்டையில் எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்பையே சுற்றி வளைத்துச் சொல்லி, “சிஸ்டர், கர்த்தர் உங்களைப் பற்றி எனக்கு ஒன்று காண்பித்தார்” என்பார்கள். உங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். பிறகுதான் விலை: ஐம்பதாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு, இன்று இரவு பன்னிரண்டு மணி வரை மட்டும். “வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றால், “விசுவாசத்தில் அடி எடுத்து வைக்க யாரைக் கேட்க வேண்டும்?” என்று பதில் வரும். பணமில்லை என்றால் போனை வைப்பதற்குள் கடன் செயலியின் லிங்க் வந்துவிடும்.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். சாதாரண வியாபாரியிடம் ‘விலை ஜாஸ்தி’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். கர்த்தர் காண்பித்தார் என்று சொல்லிவிட்டவரிடம் எப்படிப் பேரம் பேசுவது? வேண்டாம் என்றால் அது அவிசுவாசம் ஆகிவிடுகிறது. கட்டிய பணத்துக்குப் பலன் இல்லை என்றாலும் ‘உங்கள் விசுவாசம் போதவில்லை’ என்று பழி உங்கள் தலையிலேயே விழும்.

கோச்சிங்கே மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில் அது. நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு மெஷின் ஆபரேட்டர் பாலிடெக்னிக் படிக்க ஆசைப்பட்டு ஒவ்வொரு ஜூனிலும் தள்ளிப்போடுகிறார் என்று வையுங்கள். நல்ல கோச் அவருக்குத் தீர்க்கதரிசனம் சொல்ல மாட்டார். போன வருஷம் எது தடுத்தது, இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள், வீட்டில் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பார். அடுத்த வாரம் மறக்காமல் அதையே மறுபடி கேட்பார். கிறிஸ்தவர்கள் இதை ஊழியமாக எண்ணிச் செய்வதிலும் தப்பில்லை. உளவியலாளர் கேரி காலின்ஸ் 2001-லேயே கிறிஸ்தவ கோச்சிங் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். மோசேயின் மாமனார் எத்திரோ செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து, இப்படியே போனால் நீயும் தாங்கமாட்டாய், ஜனமும் தாங்காது என்று சொன்னார். அதற்கு இ.எம்.ஐ. போடவில்லை. கட்டணம் வாங்குவதும் பாவமில்லை. பவுல் கூடாரத் தொழில் செய்துதானே கொரிந்துவில் காலம் தள்ளினார்? கோச், கவுன்சலர், பாஸ்டர் மூவரையும் ஒரே கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஒருவர் வருவதுதான் ஆபத்து.

நம் நாட்டில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் தேவையில்லை. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கோச்சுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இருப்பது தனியார் அமைப்புகளின் சான்றிதழ்தான். அவற்றில் பெயர் பெற்றது 1995-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன். அதன் முதல் படிச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் பயிற்சியும், ஆட்களோடு உட்கார்ந்து 100 மணி நேர அனுபவமும் வேண்டும். பூந்தமல்லி பைபாஸ் மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் ‘சர்டிஃபைட் கோச்’ ஆக்குகிறேன் என்கிறவர் எந்தக் கணக்கில் சொல்கிறார்?

அந்த இரண்டு நாள் கோர்ஸ் இன்னொரு பொறி. படித்து முடித்தவர் சபையிலிருந்து நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன், அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தால் அதிலும் பங்கு. ஆள் சேர்ப்பதால் மட்டுமே காசு வரும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. பெயர் ‘சீஷத்துவம்’ என்று இருப்பதால் அது வேறாகிவிடாது. போதகர்களுக்கும் ஒரு வார்த்தை, ஐயா: பிரசங்க பீடத்திலிருந்து நீங்கள் செய்யும் ஓர் அறிவிப்பு, நூறு குடும்பத்துக்கு உங்கள் கையெழுத்துப் போட்ட ஜாமீன்.

எல்லாவற்றையும் விட அவசரமான விஷயம் மாத்திரை. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடும் ஒருவரிடம் ‘விசுவாசித்தால் மாத்திரை எதற்கு’ என்று கோச் கேட்டால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் பழைய வேகத்தில் திரும்பலாம், வலிப்பு வரலாம், தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம். ஒழுங்கான கோச் தனக்கு மீறிய விஷயம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் அனுப்புவார். பணம் பிரச்சினை என்றால் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ராத்திரி தனியாகத் தவித்தால் 14416, டெலி-மானஸ் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

வேதம் தெரிந்தவர்களுக்கு கேயாசியை நினைவிருக்கும். குஷ்டம் நீங்கிய நாகமானிடம் எலிசா ஒன்றும் வாங்காமல் அனுப்பிவைத்தார். வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, எஜமான் கேட்டனுப்பியதாகப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வாங்கிக்கொண்டான். அவன் மேல் வந்த குற்றம் வெறும் பேராசையில்லை, எஜமான் பெயரை வைத்து வசூலித்தது. ஆகவே கேள்வி கேட்கக் கூசாதீர்கள். பெரோயாக்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். எங்கே படித்தீர்கள், பில் தருவீர்களா, நடுவில் விட்டால் பணம் திரும்புமா, நான் அழுதுகொண்டே சொன்னதை சாட்சி என்று யூடியூபில் போடுவீர்களா? முகம் கோணாமல் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். செயலியில் கடன் எடுத்தது நேற்றுதான் என்றால், அதன் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’டைத் திறந்து ‘கூலிங்-ஆஃப்’ எத்தனை நாள் என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்குள் அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதமில்லாமல் வெளியே வரலாம். ஆன்லைனில் ஏமாற்றிப் பிடுங்கியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. சேவைக் குறைபாடு, பொய் விளம்பரம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அம்பத்தூர்க்காரர்கள் சென்னையில், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூரில். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமில்லை, இரண்டு வருஷம் அவகாசம். போலீஸ் என்றால் மூன்று ஊருக்குமே ஆவடி கமிஷனரேட்தான். முதல் வேலையாக ஜிபே ரசீதுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயிலில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டது தெரிந்ததும் அட்மின் உங்களைக் கோச்சிங் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்.