அணங்கும் இறையும்: அச்சம் பற்றி ஒரு குறிப்பு

கொல்லிமலை பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் பாவையைத்தான் எழுதுகிறார்கள். காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதற்கும் உருக்குலையாத பாவை என்கிறது நற்றிணை 201. சிரித்து மயக்கி ஆளைக் கொன்றுவிடும் என்பது ஊர்க்கதை. இப்படிப் பயங்கரமான ஒரு பெண்ணுருவைத் தலைவியின் அழகுக்கு உவமையாக்கி அடக்கிவைத்த சாமர்த்தியம் நம் கவிமரபுக்கு உண்டு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு களன்கள் தருகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. எம்.ஏ. தமிழில் இதை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியதோடு சரி. நான்காவதில் உள்ள ‘தம்’ முக்கியமானது. பகையரசன் அல்ல, சொந்த அரசன். ஃபூக்கோவைக் கூப்பிடாமலே அதிகாரத்தைப் பேச இங்கே இடமிருக்கிறது. ‘துணிந்து நில்’ வகைத் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் பயத்தை ஆளுடைய மனசுக்குள் இருக்கும் கோளாறாக்கி விற்கின்றன. தொல்காப்பியம் அதை வெளியிலிருந்து வருவதாகப் பார்க்கிறது. ஆனால் அதே நூல் களவியலில் அச்சத்தைப் பெண்ணின் நிரந்தர இயல்பாக எழுதிவிடுகிறது. அச்சத்துக்கு அடுத்த மெய்ப்பாடு பெருமிதம். அதற்குள்தான் தறுகண் வருகிறது. தறுகண் என்றதும் நமக்கு வல்வில் ஓரியும் போர்க்களமும் ஞாபகம் வருவது தற்செயல் இல்லை.

கொல்லிமலையில் இன்று அணங்கு எட்டுக்கை அம்மனாகிக் கும்பிடு வாங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. மீந்திருப்பது இறை. அங்குள்ள மலையாளிகளிடம் பேசும்போது, “காக்கிச் சட்டைன்னாலே ஒரு இது...” என்று பேச்சு பாதியில் நிற்கும். (பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைக்க வேண்டாம், கல்வராயன், சேர்வராயன், சித்தேரி மலைகளிலும் பரவிய பழங்குடி.) அந்தப் பாதிப் பேச்சின் மீதியை முழுதாகச் சொன்னவர்கள் சித்தேரி அடிவாரத்தில், தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் இருக்கும் மலையாளிப் பெண்கள்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் ஜனங்களைக் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு பெண், குழந்தை என்று பார்க்காமல் சேலம் சிறையில் அடைத்தார்கள். ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தார் போனபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது.

இங்கே தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியுமா? போலீஸ் செய்ததைப் போலீசிடமே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் மானம் போச்சு என்று ஊர் சொல்லும். தனியாக ஒருத்தி சொல்லியிருந்தால் அவளைப் பொய்க்காரி ஆக்குவது ரொம்பச் சுலபம். துணிச்சல் முதலில் வந்து பேச்சு பிறகு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்க ஆள் வந்தது, சங்கம் வந்தது, ‘நான்’ என்பது ‘நாங்க’ ஆனது. துணிச்சல் அந்தப் பேச்சுக்குள்ளேதான் உருவாகியிருக்கிறது. பயம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 1995இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சிபிஐக்குப் போன பிறகும், குற்றம்சாட்டப்பட்டவர்களில் பலர் அதே அரசாங்க வேலையில்தான் இருந்தார்கள். அந்த அரசாங்கத்தின் ஆட்களுக்கு எதிரே நின்றுதான் இவர்கள் சாட்சி சொன்னார்கள். தறுகண்ணை மறுபடி வாசிக்க வேண்டிய இடம் இது. வில் கிடையாது, தனிவீரன் கிடையாது. அச்சமே உன் இயல்பு என்று இலக்கணம் சொல்லிவைத்த பெண்கள், தம் இறையின் ஆட்களை ‘இவன்தான்’ என்று காட்டுகிறார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்திருந்தார்கள். மிச்சம் 215 பேருமே குற்றவாளிகள். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி 2023 மார்ச்சில் தானே வாச்சாத்திக்குப் போனார். இந்த முறை அந்த ஊருக்கு வந்த இறை கேட்பதற்காக வந்தது. அந்த செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் தள்ளுபடி ஆயின.