பூனைக்குட்டி வருமுன்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் போன்ற இடங்களில் வரிசை வீடுகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்துள்ளன. இவ்வீடுகளில் பூனை வளர்ப்போர் பலர். குட்டியைக் கடையில் வாங்குவோரும் உண்டு. மழையில் நனைந்து கால்வாய் ஓரம் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வருவோரும் உண்டு. குட்டியின் மீது இரக்கம் கொள்வது நல்லதே. ஆனால், இரக்கம் மட்டும் அதன் உயிரைக் காத்துவிடாது. அது வருமுன் வீடும் ஆயத்தமாக வேண்டும்.

இது சட்டம் நமக்கு விதித்துள்ள கடமையும் ஆகும். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கை வளர்ப்பவர் அதன் ஐந்து தேவைகளைக் கவனிக்க வேண்டும் என இச்சட்டம் கூறுகிறது. அவை ஏற்ற இருப்பிடம், ஏற்ற உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, பிற விலங்குகளோடு சேர்ந்தோ விலகியோ வாழும் வசதி, வலி, நோய் முதலியவற்றிலிருந்து பாதுகாப்பு என்பனவாகும்.

முதலாவது, இருப்பிடம். புதிய குட்டிக்கு முழு வீடும் அச்சம் தரும். எனவே, முதல் சில நாள்களுக்கு அமைதியான ஓர் அறையே போதும். பழைய துணி விரித்த அட்டைப்பெட்டி நல்ல படுக்கையாகும். அடுக்குமாடி வீட்டில் சன்னலுக்கும் மாடத்திற்கும் வலை அடிப்பது இன்றியமையாதது. இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் குட்டி எளிதில் நுழைந்துவிடும். உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பர். நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளிவந்தது. அவற்றுள் சிகிச்சை பெற்றவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இறந்தது. பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சுப் பகுதியில் காயம் ஏற்பட்டிருந்தது.

இரண்டாவது, உணவு. பூனைக்குப் பசும்பாலும் மீந்த குழம்புச் சோறும் வைப்பது நம்மிடையே உள்ள பழக்கம். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மேலும், டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது, சோற்றில் இல்லை. அது குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். ஆகவே, குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட உணவையும் தூய நீரையும் வைப்பதே சிறந்தது.

மூன்றாவது, இயல்பான நடத்தை. பூனை மண்ணைத் தோண்டிக் கழிவை மூடும், நகத்தால் பிறாண்டும், உயரத்தில் ஏறும். உணவுக்கு அருகில் இல்லாமல் தள்ளி மணல் தட்டை வைக்க வேண்டும். தடித்த கயிறு சுற்றிய கட்டையை நிறுத்தினால் நாற்காலிகள் தப்பும். நூல், ரப்பர் வளையம் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். குட்டி அவற்றை விழுங்கினால் குடல் அடைபடும்.

நான்காவது, துணை. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டையும் உடனே சேர்க்கக்கூடாது. மருத்துவர் குட்டியைப் பரிசோதிக்கும் வரை தனி அறையில் வைக்க வேண்டும். ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அருகில் வைத்தால், அவை வாசனையால் அறிமுகமாகும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. தடுப்பூசியை வழக்கமாக ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்குவர்; பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் போடுவர். நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். அந்துருண்டை, லில்லி மலர், நாய்களுக்கான சில உண்ணி மருந்துகள் ஆகியனவும் ஆபத்தானவை. பெண் பூனை நான்கு மாத வயதிலேயே சினைப்படக்கூடும். ஆகவே, கருத்தடை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

குட்டியை அழைத்து வரும் முன்பு ஒருமுறை தரையில் அமர்ந்து வீட்டைப் பாருங்கள். தொங்கும் மின்கம்பி, திறந்த சலவை இயந்திரம், அலமாரியின் பின்புற இடுக்கு ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். இவற்றைச் சரிசெய்ய நேரமும் பொறுப்பேற்க மனமும் இருந்தால் மட்டுமே குட்டியை வீட்டிற்கு அழைத்து வருவோம். பூனை பல ஆண்டுகள் நம்மோடு வாழக்கூடிய உயிர். சலித்தவுடன் தெருவில் விட்டுவிடும் பொம்மை அன்று.