விளையாட வரும் ஆபீஸ் கம்ப்யூட்டர்!

பெட்டியை மாற்றினால் போதுமா? ஒயர் ஒத்துவருமா?

மதுரை நகரின் மேற்குப் பக்கம், வைகையின் தென்கரையில் இருக்கிறது, கோச்சடை.

இந்தப் பெயரைக் கேட்டதும் சிலருக்குப் பாண்டிய மன்னன் கோச்சடையன் ரணதீரன் நினைவு வரும். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்டவன் அவன். மற்றவர்களுக்கு ரஜினிகாந்த் நினைவு வருவார்! "கோச்சடையான்" படம் 2014-ம் ஆண்டு வெளிவந்தது. நடிகர்களின் அசைவைக் கருவியால் பதிந்து, உருவங்களைக் கம்ப்யூட்டரிலேயே செய்து ஓடவிட்ட படம் அது.

அன்று அந்தப் படத்தைப் பார்த்த சிறுவர்கள் இன்று வாலிபர்கள். கம்ப்யூட்டர் உருவங்களைப் பார்த்தால் மட்டும் அவர்களுக்குப் போதாது. தாங்களே அவற்றை ஓட்டவேண்டும், தாவவிட வேண்டும். அதாவது, விளையாட வேண்டும்!

விளையாட்டுக்கென்றே செய்த புதுக் கம்ப்யூட்டரின் விலைக்கு, ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்.

கோச்சடையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ்-2 முடித்த பையன். மாதச் சம்பளம் வாங்கும் அப்பா.

"புதுசு வேண்டாம்ப்பா. ஆபீசில் கழித்த கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்க, போதும்."

"அதிலே விளையாட்டு ஓடுமாடா?"

"பெட்டியைப் பெரிசா மாத்திட்டா ஓடும்ப்பா!"

ஓடுமா? அப்பாவின் பணம் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

கழித்த சரக்கு

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இத்தனை ஏன் வெளியே வருகின்றன? கெட்டுப்போனதால் அல்ல.

"விண்டோஸ்-10" என்பதற்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதி நிறுத்தியது. அடுத்து வந்த "விண்டோஸ்-11"-க்கோ நிபந்தனைகள் அதிகம். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ளே இருக்கவேண்டும். இன்டெல் கம்பெனியின் சில்லு என்றால், 2017-ல் வந்த 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஒரு சில விலக்குகள் தவிர, அதற்கு முந்தியவை எல்லாம் தள்ளுபடி!

உடம்பில் கோளாறு இல்லை. ஆனாலும் வேலை போய்விட்டது!

பெரிய ஆபீசுகள் இவற்றைக் குப்பையில் எறிய முடியாது. 2023 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற நிறுவனங்களிடம்தான் ஒப்படைக்கவேண்டும். துடைத்து, சோதித்து, மறுபடியும் விற்கப்படுபவை உண்டு. சென்னை ரிச்சி தெருவில் இருந்து மதுரைக் கடைகள் வரை இந்த வியாபாரம் நடக்கிறது.

பெட்டி ஏன் சிறியது?

நம் வீடுகளில் பெட்டி முழுவதையும் "சி.பி.யு." என்கிறோம். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே இருக்கும் ஒரு சில்லு. தாலுகா ஆபீசிலும் அப்படியே சொல்லுகிறார்கள், போகட்டும். கடைக்காரர்கள் பெட்டிக்குச் சொல்லும் பெயர், கேபினட்.

ஆபீஸ் மேஜையில் இடம் அடைக்கக்கூடாது என்று, கேபினட்டை ஒல்லியாகச் செய்தார்கள். கடிதம் அடிக்கவும், கணக்குப் போடவும் அது போதும். விளையாட்டுக்குப் போதாது. ஓடும் காரும், வெடிக்கும் கட்டிடமும் திரையில் தடங்காமல் தெரிய, கிராபிக்ஸ் கார்டு வேண்டும். சாதாரண கார்டின் தகடு சுமார் 12 சென்டிமீட்டர் உயரம். ஒல்லிப் பெட்டியில் ஏறுவது 8 சென்டிமீட்டர் தகடுதான். ஏறினாலும், காற்றுப் போக வழி இல்லை.

மதுரையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. மனிதனே மூச்சு வாங்கும் அறையில், மூடிய பெட்டிக்குள் கார்டு என்ன பாடுபடும்! சூடு 100 டிகிரியை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு நடுவில் திக்கித் திக்கி நிற்பது பல சமயம் இதனால்தான். பெரிய கேபினட்டில் முன்னே ஒரு பேன் காற்றை இழுக்கும். பின்னே ஒரு பேன் சூட்டை வெளியே தள்ளும்.

பெரிய கேபினட்டுக்கு ஆசைப்பட நல்ல காரணம் காற்று. கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் அதற்கு அப்புறம்தான்.

வாட் கணக்கு

அடுத்தது மின்சாரம்.

2013-ல் வந்த "டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020" என்ற ஆபீஸ் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரம் கொடுக்கும் தகரப் பெட்டி) ஒல்லி மாடலில் 255 வாட். உயரமான மாடலில் 290 வாட். அதில் போடும் "ஐ-5" சில்லுகளில் பலவற்றின் கணக்கு 84 வாட்.

"ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர்" கார்டு போட ஆசை என்றால், அதற்கு மட்டும் 125 வாட் வேண்டும். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட்தான். மீதியை எஸ்.எம்.பி.எஸ்.சில் இருந்து தனி ஒயர் கொண்டுவர வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.சில் அந்த ஒயரே கிடையாது!

ஆகவே, கேபினட்டோடு எஸ்.எம்.பி.எஸ்.சும் புதிது. இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

செருப்புக்கு நம்பர் இருப்பதுபோல, கம்ப்யூட்டருக்கும் இன்டெல் கம்பெனி 1995-ல் ஓர் அளவு முறை வகுத்தது. ஏ.டி.எக்ஸ். என்று பெயர். அதன்படி செய்தால், யாருடைய போர்டும் யாருடைய பெட்டியிலும் உட்காரும். அதன் இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.சில் போர்டுக்குப் போகும் பெரிய முனையில் 24 பின்.

ஆனால் ஆபீசுக்கென்று செய்த பெரிய கம்பெனிகள் தங்கள் வழியே போயின. டெல் 9020-ல் 8 பின். லெனோவோ மாடல்கள் சிலவற்றில் 14 பின். எச்.பி. மாடல்கள் சிலவற்றில் 6 பின். கடையில் வாங்கிய புது எஸ்.எம்.பி.எஸ்.சை எதிலும் நேராகக் குத்த முடியாது!

குத்த முடியாமல் போவதும் ஒரு விதத்தில் நல்லதுதான். 1990-களின் கடைசியில் டெல் கம்பெனியின் சில கம்ப்யூட்டர்களில், முனை பார்வைக்கு ஏ.டி.எக்ஸ். போலவே இருந்தது. அதே வடிவம், அதே 20 துளை. ஆனால் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்ற வரிசை வேறு! வேறு எஸ்.எம்.பி.எஸ்.சைத் தெரியாமல் குத்தி "சுவிட்சு" போட்டால், போர்டோ எஸ்.எம்.பி.எஸ்.சோ கருகிவிடும்.

இதற்கு வழி, மாற்று ஒயர். ஒரு முனையில் 24 பின் ஏற்கும். மறு முனை பழைய போர்டுக்குப் பொருந்தும். பெரிய விலை இல்லை. ஆனால், அந்த மாடலுக்கென்று செய்த ஒயராக இருக்கவேண்டும். "இதுவும் 6 பின், அதுவும் 6 பின்" என்று கடையில் கொடுத்தால் வாங்கவேண்டாம். கேபினட்டுக்குப் பணம் கட்டும் முன்பு, பழைய பெட்டியின் மூடியைத் திறந்து பின்னை எண்ணிப் பாருங்கள். மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

திருப்புளியை எடுக்கும் முன்பு

பிளக்கைப் பிடுங்கவேண்டும். பிறகு பவர் பித்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், போர்டில் மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தங்கி இருக்கும்.

பழைய போர்டைக் கழற்றும்போது ஒரு வேடிக்கை. சில டெல் மாடல்களில், சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் பேனின் ஸ்க்ரூக்கள் போர்டைத் துளைத்துக்கொண்டு, கேபினட்டின் தகட்டையே பிடித்திருக்கும். புதுக் கேபினட்டில் அந்தப் பிடிப்பு இராது! வேறு பேனும், அதற்கு ஏற்ற அடித்தகடும் தேடவேண்டும்.

புதுக் கேபினட்டில் போர்டு உட்காருவது, சிறு பித்தளைக் கால்களின் மேல். போர்டின் துளை எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டும் கால் நிற்கவேண்டும். ஆபீஸ் போர்டில் எல்லாத் துளையும் ஒத்துவராது. ஒத்துவராத இடத்தில் ஒரு கால் மறந்து நின்றுவிட்டால், அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். சிறு கால்தான், போர்டே போய்விடும்!

பின்பக்கம் ஒரு சதுர ஓட்டை தெரியும். ஒயர் குத்தும் இடத்துத் தகடு பழைய கேபினட்டோடு ஒட்டிப் பிறந்தது, கூட வராது. தூசி போகாமல் அதை அடைக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

இன்னொன்று, எர்த். மூன்றாவது துளைக்கு எர்த் இழுக்காத பழைய வீடுகள் நம் பக்கம் நிறைய. அங்கே கேபினட்டின் தகரத்தைத் தொட்டால் "சுர்"ரென்று இழுக்கும். பையன் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிறவன் என்றால், முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு.

மாற்றாமலே முடியுமா?

இத்தனையும் கேட்டு அப்பா மிரண்டால், அதற்கும் வழி உண்டு.

2019-ல் வந்த "ஜி.டி.எக்ஸ். 1650" கார்டின் கணக்கு 75 வாட். தனி ஒயர் கேட்காத மாடல்கள் அதில் உண்டு. 8 சென்டிமீட்டர் தகட்டோடு குட்டையாகச் செய்தவையும் உண்டு. வாங்கும்போது இரண்டையும் கேட்டு வாங்கினால், கேபினட், எஸ்.எம்.பி.எஸ்., மாற்று ஒயர் எதுவும் வேண்டாம். 2013-ல் வந்த "ஜி.டி.ஏ.-5" போன்ற விளையாட்டுக்கு அது போதும். உயரமான மாடல் வாங்கியவர்கள் இப்படியே நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஒல்லிப் பெட்டிக்காரர்கள் வெயில் காலத்தில் கொஞ்சம் கஷ்டப்படுவார்கள்.

எந்தக் கேபினட்டில் வைத்தாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. "வேலரன்ட்" என்ற விளையாட்டு, விண்டோஸ்-11-ல் டி.பி.எம். 2.0 இல்லாவிட்டால் ஓடாது. பையன் ஆசைப்படுவது எந்த விளையாட்டு என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பாதுகாப்பு நின்றுபோன விண்டோஸ்-10-ஐ வைத்துக்கொண்டு பாங்கிக் கணக்கு பார்ப்பதும், பணம் அனுப்புவதும் வேண்டாம். அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சுவிட்சு

எல்லாம் பூட்டியாயிற்று. பையன் சுவிட்சு போடுகிறான். திரையில் கறுப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: பேனைக் காணோம்!

பயப்படவேண்டாம். பேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பழைய டெல் பேன்களில் 5 பின். புதுப் பேனில் 4 பின். தன் பழைய பேனைத் தேடி போர்டு கூப்பாடு போடுகிறது. "எப்-1" பித்தானை அழுத்தினால் மேலே போகும். மாற்று ஒயர் போடும்வரை, ஒவ்வொரு தடவையும் அழுத்தவேண்டும்.

பவர் பித்தானும் லேசில் வசப்படாது. டெல்லின் முன்பக்க ஒயர் தனி ரகம். புதுக் கேபினட்டின் பித்தான் அதோடு சேராது. அதற்கும் மாற்று ஒயர் கடையில் கிடைக்கிறது. அது வந்து சேரும்வரை, பழைய பெட்டியில் இருந்து பித்தானை ஒயரோடு கழற்றி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கண்ணாடிக் கதவு, கலர் விளக்கு, பளபளக்கும் கேபினட்! அதன் வாயில் இருந்து ஆபீஸ் பித்தான் ஒன்று நூலில் கட்டிய தாயத்துப்போல வெளியே தொங்கும். அதை அழுத்தினால்தான் விளையாட்டு தொடங்கும்!