'ஸ்கேன் நார்மல்'... அப்படியென்றால் நடிக்கிறாரா?

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு வேலைக்குப் போகாம சுருண்டு படுத்திருக்காரு?" மனச்சோர்வு நுழைந்த வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். நோயைவிட இதுதான் அதிகம் வலிக்கும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கான பதில் எளிதில் புரியும். அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகளை போட்டோ எடுங்கள். கோபுரம் நிற்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்பது தெரியும். எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரியுமா? வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அந்த போட்டோ மாதிரிதான். கட்டி, ரத்தக்கசிவு போன்றவற்றைக் காட்டும். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைக் காட்டாது.

அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கும் முறைதான் எஃப்.எம்.ஆர்.ஐ. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதை வைத்து, எந்தெந்தப் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன என்று கணக்கிடுவார்கள்.

ஊரே தூங்கினாலும் மின் நிலையம் ஓய்வதில்லை. மூளையும் அப்படித்தான். உடல் எடையில் சுமார் 2 சதவிகிதமே இருந்தாலும், ஓய்வாக இருக்கும்போதுகூட உடலின் சக்தியில் சுமார் 20 சதவிகிதத்தைச் செலவழிக்கிறது. நாம் சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளின் இந்தப் போக்குக்கு, 2001-ல் அமெரிக்க விஞ்ஞானி மார்கஸ் ரெய்க்லேயின் குழு 'டீஃபால்ட் மோட்' என்று பெயர் வைத்தது. பழைய நினைவு, நாளைய கவலை, நம்மைப் பற்றிய எண்ணம் எல்லாம் புரளும் இடம் இது. மனச்சோர்வில் ஒரே நினைப்பை அசைபோடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. 'சும்மா ரெஸ்ட் எடு, சரியாகிடும்' என்ற அறிவுரை பலிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை.

இந்த வலைப்பின்னலுக்குள் இணைப்பு கூடிவிடுகிறது என்றுதான் ஆரம்பகால ஆய்வுகள் பல சொல்லின. 2019-ல் சீனாவின் 25 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து 1,300 நோயாளிகளின் ஸ்கேன்களை அலசியபோது கதை மாறியது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் இணைப்பு குறைந்திருந்தது. முதல்முறை பாதிக்கப்பட்டு, மருந்தே எடுக்காதவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. மருந்தோடு தொடர்பு தெரிந்தாலும், காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இவையெல்லாம் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரி. ஒரு தனி மனிதரை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து 'இவருக்கு டிப்ரஷன்' என்று சொல்லும் கருவி இன்னும் வரவில்லை. தைராய்டு போன்ற வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டர்கள் பரிசோதனைகள் எழுதுவார்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது பேசித்தான். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துக்கம், எதிலும் பிடிப்பின்மை, தூக்கக் கோளாறு, சாகலாம் என்ற எண்ணம்... இதைக் கேட்கக் காதுதான் வேண்டும். நைட் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. உடலின் கடிகாரம் குழம்பினால் மனசும் குழம்பும்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் இயங்குவதால், நைட் ஷிஃப்ட்டின் டீ இடைவேளையிலும் கூப்பிடலாம்.